யாதவகிரி வீட்டு வானொலியும் நம் வீட்டு ஒலிப்பதிவு அறையும்

வீட்டில் உட்கார்ந்தபடியே குரல் கொடுத்துச் சம்பாதிப்பது இந்தக் காலத்துப் பிள்ளைகள் கண்டுபிடித்த தொழில் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சம்பாத்தியம் வேண்டுமானால் புதிதாக இருக்கலாம். வீட்டு அறையிலிருந்து குரலை ஊருக்கு அனுப்புவது நம் மைசூருக்குப் புதிதல்ல.

1935ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் தேதி, மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த டாக்டர் எம்.வி. கோபாலசுவாமி, 'விட்டல் விஹார்' என்னும் தம் வீட்டில் ஒரு சிறிய டிரான்ஸ்மிட்டரை வைத்து ஒலிபரப்பைத் தொடங்கினார். இன்று யாதவகிரியில் இருக்கும் வானொலி நிலையத்துக்கு அந்த வீடு கூப்பிடு தூரம்தான். நிலையத்துக்கு இட்ட பெயர் 'ஆகாசவாணி'. இதற்கு முன்பே, 1924இல், சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஒலிபரப்பு நடத்தியது. ஆனால் அது பலர் சேர்ந்த சங்கம். அதுவும் பணமுடையால் 1927இல் நின்றுபோய், 1930இல் மாநகராட்சி எடுத்து நடத்த வேண்டியதாயிற்று. இங்கேயோ ஒரு வாத்தியார், தம் வீடு, தம் முனைப்பு! ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் நடத்தியபின் மைசூர் சமஸ்தான அரசு அதை ஏற்றுக்கொண்டது. 1950இல் அகில இந்திய வானொலியுடன் இணைந்தது. 1955இல் நிலையம் பெங்களூருக்குப் போயிற்று. பெயர் மட்டும் டெல்லி வரை போய், 1950களின் பிற்பாதியில் நாட்டின் வானொலி முழுவதற்கும் ஆகிவிட்டது. (தமிழ்நாட்டார் 'வானொலி' என்ற சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டது தனிக் கதை. அதை எழுத நம் சங்கத்தில் என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள்.)

அந்தப் பேராசிரியரிடம் பெரிய கட்டடம் இல்லை. ஓர் அறையும், பேச வேண்டும் என்ற விருப்பமும், கேட்க ஆளும் இருந்தன. இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

அண்மைக்காலமாக நம் உறுப்பினர் வீடுகளில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. குழந்தை பிறந்தபின் வேலையை விட்ட பெண்கள், பணி ஓய்வு பெற்றவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று பலரும் பின்னணிக் குரல் கொடுக்கும் வேலைக்கு வீட்டிலேயே வசதி செய்துகொள்ள விரும்புகிறார்கள். கம்ப்யூட்டர் வழிப் பாடங்கள், விளம்பரங்கள், ஆஸ்பத்திரி அறிவிப்புகள், ஒலிப்புத்தகங்கள் என்று தேவையும் இருக்கிறது. எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எந்த மைக் வாங்கலாம்?" என்பதுதான். முதலில் அறையின் நடுவில் நின்று ஒரு தரம் பலமாகக் கை தட்டிப் பாருங்கள் என்பதே என் பதில். தட்டிய ஓசைக்குப் பின் 'டிங்' என்று ஒரு வால் நீண்டால், இருபதாயிரம் ரூபாய் மைக் வாங்கினாலும் அந்த வாலைத்தான் அது இன்னும் தெளிவாகப் பதிவு செய்யும்.

நான் ரயில்வேயில் சிக்னல், தொலைத்தொடர்புப் பிரிவில் இருந்தவன். ஸ்டேஷன் ஒலிபெருக்கியில் சொல்வது ஏன் புரிவதில்லை என்று பயணிகள் எங்களைத் திட்டாத நாளில்லை. அறிவிப்பவர் தெளிவாகத்தான் பேசுவார். கருவியும் சரியாகத்தான் இருக்கும். தகரக் கூரையும் சிமெண்டுத் தரையும் ஒவ்வொரு சொல்லையும் பிடித்துப் பந்தாடி, அடுத்த சொல்லின்மேல் எறிந்துவிடும். நம் வீட்டு அறை ஒரு குட்டி பிளாட்பாரம். மொசைக் தரை, சுண்ணாம்பு பூசிய சுவர், கான்கிரீட் கூரை எல்லாமே ஒலியைத் திருப்பி அடிப்பவை.

இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டியவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த வாலஸ் சபைன். அங்கே புதிதாகக் கட்டிய ஒரு சொற்பொழிவு மண்டபத்தில் பேச்சே விளங்கவில்லை. 1895இல் அதைச் சரிசெய்யும் பொறுப்பு இவருக்கு வந்தது. ஒரு சொல் அடங்க ஐந்தரை விநாடி ஆயிற்றாம்; அதற்குள் பேச்சாளர் ஒரு வாக்கியத்தையே முடித்துவிடுவார். சபைன் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து, ஊர் அடங்கிய இரவு வேளையில், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கூட்டி வைத்து, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். திறந்த ஜன்னல் வழியே போன ஒலி திரும்பி வராது. ஆகவே ஒரு சதுர அளவு திறந்த ஜன்னலையே உறிஞ்சலுக்கு அளவுகோலாக வைத்துக்கொண்டார். அவர் கண்ட சூத்திரம் எளிது. அறையின் கன அளவை (மீட்டர் கணக்கில்) 0.161 ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சு பரப்பால் வகுத்தால், ஒலி அடங்கும் நேரம் விநாடியில் கிடைக்கும்.

நம் வீட்டு அறைக்குப் போட்டுப் பார்ப்போம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, ஒன்பதரை அடி உயரம்: சுமார் 32 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 61 சதுர மீட்டர் பரப்பு. பூச்சுச் சுவர் தன்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்குதான் உறிஞ்சும் என்று கொண்டால், இரண்டு சதுர மீட்டர் ஜன்னல்கூடத் தேறாது. விடை 2.8 விநாடி வருகிறது. குரல் பதிவுக்கு 0.3 விநாடி அல்லது அதற்கும் கீழே வேண்டும். அதற்கு 17 சதுர மீட்டர் உறிஞ்சு பரப்பு வேண்டும். ஒற்றைக் கட்டில் மெத்தையாகப் பார்த்தால் பத்துக்கு மேல்! பத்து மெத்தைக்கு எங்கே போவது?

போக வேண்டியதில்லை. கூடத்தை விட்டுவிட்டுப் படுக்கையறைக்கு வாருங்கள். கட்டில் மெத்தை, தலையணைகள், கனத்த திரைச்சீலை, துணி நிறைந்த அலமாரி (கதவைத் திறந்து வையுங்கள்) எல்லாம் ஏற்கெனவே பாதி வேலையைச் செய்துவிட்டன. மீதிக்கு, அறை முழுவதையும் மாற்றாமல், நீங்கள் உட்காரும் மூலையை மட்டும் கவனித்தால் போதும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. சாதாரணக் குரல் மைக் முன்பக்கத்திலிருந்து வருவதையே அதிகம் வாங்கும். அதன் முன்பக்கம் எதைப் பார்க்கிறது? உங்கள் வாயையும், உங்களுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும். பலர் மைக்குக்குப் பின்னால் ஸ்பாஞ்சு ஒட்டிவிட்டு, தங்கள் முதுகுக்குப் பின்னால் வெறுஞ்சுவரை விட்டுவிடுகிறார்கள். முதல் மெத்தை உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டும். பிறகுதான் இரு பக்கங்களும். தரையில் ஜமக்காளத்தை இரண்டாக மடித்துப் போடுங்கள். தலைக்கு மேலே, கொசுவலைக் கம்பியில் ஒரு ரஜாயைக் கட்டிவிட்டால் கூரையும் அடங்கிவிடும்.

மெத்தையைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் நாலு அங்குலம் தள்ளி நிறுத்துவது நல்லது. ஒலி அலையின் கால் பங்கு நீளத்துக்காவது தடிமன் இருந்தால்தான் உறிஞ்சல் சரியாக நடக்கும். விநாடிக்கு 1000 அதிர்வுள்ள ஒலியின் அலை நீளம் 34 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு எட்டரை. கட்டைக் குரலின் அலைகள் இன்னும் பல மடங்கு நீளமானவை. இடைவெளி விட்டால் செலவில்லாமல் தடிமன் கூடியதுபோல ஆகும். கடையில் விற்கும் ஓரங்குல வரிவரி ஸ்பாஞ்சு 'ஸ்' ஓசையை மட்டும் தின்றுவிட்டுக் கட்டை ஓசையை அப்படியே விட்டுவிடும். குரல் கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல ஆகிவிடும். முட்டை அட்டைகளைச் சுவர் முழுக்க ஒட்டும் வழக்கமும் இருக்கிறது. அதனால் பயன் மிகச் சொற்பம். தீப்பொறி பட்டாலோ குபீரென்று பற்றும். மலிவு ஸ்பாஞ்சும் அப்படித்தான், அதன் புகை இன்னும் கொடியது. மூடிய அறையில், மின் இணைப்புகளின் பக்கத்தில் இவற்றை வைக்கவே வைக்காதீர்கள். இலவம்பஞ்சு மெத்தைக்கும் தீயைக் காட்டக் கூடாதுதான். ஊதுவத்தி, கொசுவத்திச் சுருள் எதுவும் அந்த அறைக்குள் வேண்டாம்.

நாலடிக்கு நாலடி மரக்கூண்டு செய்துகொள்ளலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம் என்பேன். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே நாலடிதான் என்றால், அந்த இடைவெளி விநாடிக்குச் சுமார் 140 அதிர்வில் குடம்போல முழங்கும். ஆண்குரலின் அடிச்சுருதி ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது. பானைக்குள் தலையை விட்டுப் பேசியது மாதிரி கேட்கும்.

இதுவரை சொன்னது அறைக்குள் ஒலி சுற்றுவதை அடக்கும் வழி. வெளியிலிருந்து ஓசை வராமல் தடுப்பது வேறு வேலை. மெத்தை அதற்கு உதவாது. அதற்குக் கனமும், சந்து இல்லாத அடைப்பும் வேண்டும். கதவுக்கு அடியில் இரண்டு சென்டிமீட்டர் சந்து இருக்கிறது என்று வையுங்கள். கதவின் மொத்தப் பரப்பில் அது நூற்றில் ஒரு பங்குதான். ஆனால் அந்த ஒரு பங்கு திறந்திருந்தால், கதவு தேக்காக இருந்தாலும் இரும்பாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. தண்ணீர் ஒழுகும் குடத்துக்குப் பித்தளை என்ன, வெள்ளி என்ன? பழைய வேட்டியைச் சுருட்டி அங்கே அடைப்பதுதான் மிக மலிவான முதல் வேலை. ஜன்னல் சட்டங்களுக்கு ரப்பர் பட்டை ஒட்டலாம்.

அதற்குமேல் ஓசையைத் தடுப்பதைவிட நேரத்தைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். காலையில் குயிலும் குக்கர் விசிலும், மாலையில் ஸ்கூட்டர்களும் பக்கத்து வீட்டு போர்வெல் மோட்டாரும் இருக்கும். பிற்பகல் இரண்டு முதல் நான்கு, இரவு பத்துக்கு மேல் ஆகிய இரண்டும் நம் ஊரில் பெரும்பாலான தெருக்களில் அடங்கிய வேளை. யாதவகிரி, ஒண்டிகொப்பல் பக்கம் இருப்பவர்கள் ரயில் நேரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ரயில் ஊதுவதை நிறுத்தச் சொல்லி என்னிடம் சிபாரிசுக்கு வராதீர்கள். அது பாதுகாப்புக்காக ஊதுவது!

அடுத்து மின்சாரம். பதிவில் அடியில் 'ம்ம்ம்' என்று ஓடும் இரைச்சலுக்கு நம் வீட்டு 50 சுழற்சி மின்சாரமும் அதன் இரட்டிப்பான 100-உம் காரணம். மின்விசிறி ரெகுலேட்டர், சோக் வைத்த டியூப்லைட், மலிவு எல்.இ.டி. பல்பு, இன்வெர்ட்டர், ஃப்ரிட்ஜ் இவையே வழக்கமான குற்றவாளிகள். பதிவின்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். லாப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள்; பாதி வீடுகளில் இரைச்சல் அங்கேயே நின்றுவிடும். நிற்காவிட்டால் மூன்று பின் சாக்கெட்டில் எர்த் உண்மையாகவே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சோதியுங்கள். பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை பல இடங்களில் அலங்காரத்துக்குத்தான் இருக்கிறது. இது ஒலிக்காக மட்டும் சொல்வதல்ல, உயிருக்காகவும்தான்.

இப்போது மைக். கண்டென்சர், டைனமிக் என்று இரண்டு வகை. கண்டென்சர் நுட்பமானது; தனியாக 48 வோல்ட் கொடுக்க வேண்டும் (யு.எஸ்.பி. வகையில் கம்ப்யூட்டரே மின்சாரத்தைக் கொடுத்துவிடும்). அது உங்கள் குரலோடு எதிர்வீட்டுச் சண்டையையும் நுட்பமாகக் கேட்கும். டைனமிக் கொஞ்சம் மந்தமானது. வாய்க்குப் பக்கத்தில் இருப்பதையே முக்கியமாக எடுக்கும். தெருவை ஒட்டிய வீட்டுக்கு டைனமிக், உள்வாங்கிய அமைதியான வீட்டுக்குக் கண்டென்சர் என்பது என் கணக்கு. தொடக்கத்துக்கு சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும் யு.எஸ்.பி. மைக், காதை முழுவதும் மூடும் ஹெட்போன், ஒரு நல்ல ஸ்டாண்டு, இவை போதும். மென்பொருளுக்கு ஆடாசிட்டி இலவசமாகவே கிடைக்கிறது.

மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் தூரம் இருக்கட்டும். தூரம் இரட்டித்தால் நேராக வரும் குரல் 6 டெசிபல் குறையும். அறையின் முழக்கமோ அப்படியே இருக்கும். ஆகவே விலகிப் பேசப் பேச அறைதான் பேசும். நம் தமிழில் 'ப்ப' அடிக்கடி வரும். அப்போது வாயிலிருந்து வரும் காற்று மைக்கில் குத்தும். பூவேலை செய்யும் மர வளையத்தில் நைலான் துணியை இழுத்துக் கட்டி நடுவே வைத்து, மைக்கைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டால் தீர்ந்தது. 'ச', 'ஸ' சீறுவதற்கும் இதுவே மருந்து.

பதிவின் அளவுகளை வேலை கொடுப்பவர் சொல்வார். சொல்லாவிட்டால் மோனோ, வேவ் கோப்பு, 24 பிட், வீடியோவுக்கு 48 கிலோஹெர்ட்ஸ், மற்றவற்றுக்கு 44.1 என்று வைத்துக்கொள்ளலாம். ஒலிப்புத்தகத் துறையில் பரவலாகக் கேட்கப்படும் அளவு: உச்சம் மைனஸ் 3 டெசிபலைத் தாண்டக் கூடாது, சராசரி மைனஸ் 23க்கும் 18க்கும் நடுவில், யாரும் பேசாதபோது இருக்கும் இரைச்சல் மைனஸ் 60க்குக் கீழே. கடைசி அளவில்தான் பலருடைய பதிவு திரும்பி வருகிறது. இரைச்சலை மென்பொருளால் துடைக்கலாமே என்பார்கள். துடைக்கலாம். அதிகம் துடைத்தால் குரலும் தேயும், தண்ணீருக்கடியில் பேசியதுபோல ஆகும்.

குரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மைசூரில் இரண்டு, மூன்று தலைமுறையாக இருக்கும் நம் தமிழில் கன்னட வாடை உண்டு. அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை; ஆனால் சென்னையிலிருந்து வேலை தருபவர்கள் ல, ள, ழ மூன்றையும் தனித்தனியே எதிர்பார்ப்பார்கள். நாள்தோறும் கால்மணி நேரம் ஒரு செய்தித்தாளை உரக்கப் படித்துப் பதிவு செய்து, வீட்டில் பெரியவர் ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். தமிழும் கன்னடமும் ஒரே வாயில் சுத்தமாக வருவது சென்னைக்காரரிடம் இல்லாத முதல். அதை முன்வைத்தே வேலை கேளுங்கள். தொண்டை அடிக்கடி கம்முகிறதென்றால் கஷாயத்தோடு நிறுத்திவிடாமல், 1965 முதல் நம் ஊரில் இயங்கிவரும் அகில இந்திய பேச்சு, செவிப்புலன் நிறுவனத்தில் காட்டுங்கள். வெளியூர்களிலிருந்து ரயிலேறி வருகிறார்கள். நமக்கு ஆட்டோ தூரம்.

கடைசியாக, இதையெல்லாம்விட முக்கியமானது. குரலை விற்கும்போது எதை விற்கிறோம் என்று தெரிந்து விற்க வேண்டும். ரயில் நிலையங்களில் 'யாத்ரிகண் கிருபயா த்யான் தே' என்று கேட்குமே, அந்தப் புகழ்பெற்ற குரல் சரளா சௌத்ரி அம்மையாருடையது. 1982இல் மத்திய ரயில்வேயில் அறிவிப்பாளராகச் சேர்ந்தவர். அவர் வேறு பிரிவுக்குப் போன பின்னும், துண்டு துண்டாகப் பதிவு செய்து வைத்த அவர் குரலைக் கம்ப்யூட்டர் கோத்து அறிவித்துக்கொண்டே இருந்தது. அன்று அவர் சொன்ன சொற்களைத்தான் கோக்க முடிந்தது. இன்று கொஞ்ச நேரப் பதிவு கிடைத்தால், நீங்கள் சொல்லாத சொல்லையும் உங்கள் குரலில் இயந்திரம் சொல்லிவிடும். பாடகர் அரிஜித் சிங் தம் குரலை இப்படி நகல் எடுப்பதை எதிர்த்து வழக்குப் போட, 2024இல் பம்பாய் உயர்நீதிமன்றம் அவருக்குப் பாதுகாப்பு அளித்தது. நம் போன்றவர்கள் உயர்நீதிமன்றம் போக முடியுமா? ஆகவே முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்வதுதான் வழி.

1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துநர் உரிமை என்று ஒன்று இருக்கிறது. நிகழ்த்துநர் யார் என்று சட்டம் அடுக்கும் பட்டியலில் நடிகர், பாடகர், சொற்பொழிவாளர் மட்டுமின்றிக் கழைக்கூத்தாடியும் பாம்பாட்டியும்கூட வருகிறார்கள். 'வேறு எவ்வகையிலும் நிகழ்த்துபவர்' என்றும் முடிகிறது. ஆனால் நாமே கையெழுத்திட்டு எல்லா உரிமையும் எக்காலத்துக்கும் என்று கொடுத்துவிட்டால் பிறகு வாதாடுவது கடினம்.

நமக்குத் தெரிந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி 'மாதிரி' என்று கேட்டதற்கு நாற்பது நிமிடம் பேசி அனுப்பினாள். வேலையும் வரவில்லை, பதிலும் வரவில்லை; அந்தக் குரல் எங்கே பேசுகிறதோ தெரியாது. மாதிரி என்றால் ஒரு நிமிடம் போதும், அதுவும் நீங்களே தேர்ந்தெடுத்த பகுதியாக இருக்கட்டும். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று உங்களிடமே பணம் கேட்பவர் வேலை கொடுக்க வந்தவர் அல்ல. இந்தப் பதிவு எதற்கு, எத்தனை காலத்துக்கு, இயந்திரத்துக்குக் குரல் பழக்கப் பயன்படுத்துவார்களா மாட்டார்களா என்ற மூன்றையும், தொகையையும், மின்னஞ்சலிலாவது எழுத்தில் வாங்குங்கள். அதன் பிறகு முழுப் பதிவை அனுப்புங்கள். மூலக் கோப்பை உங்களிடம் இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.